எடை கூடிவிட்டது, கிராஃப்ட் ஆகிவிட்டதா? (எஸ்பிஆர் + எம்எம்ஏ)

ஜனவரி 9, காலை 11.20. கேட்டவர்: புதுரப்பர்

ரப்பர் சங்கிலியில் வேறொரு பாலிமரைக் கிளையாக ஒட்டவைக்க, அதாவது கிராஃப்ட் செய்ய முயல்கிறேன். எஸ்பிஆர் (ஸ்டைரீன்-பியூட்டாடையீன்) 1502 ரப்பர் 5.00 கிராம் எடுத்து 100 மி.லி. டொலுயீனில் கரைத்தேன். கிளையாக வளரவேண்டிய மோனமர் எம்எம்ஏ (மெத்தில் மெத்தாக்ரிலேட்) 5.00 கிராம், வினையைத் துவக்க ஏஐபிஎன் 0.05 கிராம். நைட்ரஜன் ஓட்டத்தில் 70 டிகிரி செல்சியஸ், 6 மணி நேரம். மெத்தனாலில் ஊற்றி வீழ்படிவை உலர்த்தி நிறுத்தால் 8.10 கிராம். அதாவது 62 சதவீத கிராஃப்டிங். ஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலையில்) 1730-ல் கார்பனைல் சிகரம் பளிச்சென்று நிற்கிறது. அடுத்து இழுவிசைச் சோதனைக்குப் போகலாம் அல்லவா? சும்மா உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்கிறேன்.

ஜனவரி 9, இரவு 9.50. சாக்ஸ்லெட்தாத்தா

போகக்கூடாது. உங்கள் கையில் இருப்பது கிராஃப்ட் என்பதற்கு இதுவரை ஒரு சான்றும் இல்லை. மெத்தனாலில் ரப்பரும் விழும், தனியாக உருவான பிஎம்எம்ஏ-வும் (எம்எம்ஏ மட்டும் கோத்த பாலிமர்) விழும். இரண்டும் ஒரே உருண்டையாக விழுந்தால் எடை கூடத்தான் செய்யும். ஐஆர் பாவம், அதனிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது: இங்கே எஸ்டர் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அது ரப்பரோடு பிணைந்திருக்கிறதா, பக்கத்தில் படுத்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. கிளையைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு ஒட்டுக் கட்டியாச்சு என்று சொல்வது போல இருக்கிறது.

அசிட்டோனில் கழுவுங்கள். பிஎம்எம்ஏ அதில் கரையும், எஸ்பிஆர் கரையாது. சிறு துண்டுகளாக நறுக்கி, திம்பிளில் (தடித்த வடிதாள் உறையில்) போட்டு, சாக்ஸ்லெட்டில் (கொதிக்கும் கரைப்பானால் திரும்பத் திரும்பக் கழுவும் கருவியில்) 24 மணி நேரம். பிறகு மிச்சத்தை நிறுத்துச் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு 10.05. சாக்ஸ்லெட்தாத்தா

கேட்க மறந்தது: ரப்பரைச் சுத்தம் செய்தீர்களா, மூட்டையில் இருந்தபடியே போட்டீர்களா?

ஜனவரி 12, மாலை 4.15. புதுரப்பர்

இருந்தபடியே போட்டேன். அசிட்டோனுக்குப் பிறகு மிச்சம் 4.72 கிராம். ஐயா, ஆரம்பித்தது 5.00. மைனஸ் 5.6 சதவீத கிராஃப்டிங் என்று எழுதினால் கைடு என்னைத் துரத்திவிடுவார்.

ஜனவரி 12, இரவு 8.30. சாக்ஸ்லெட்தாத்தா

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இந்த மைனஸ் எனக்கும் வந்திருக்கிறது. தராசுதான் கெட்டுவிட்டது என்று அளவுதிருத்தத்துக்கு ஆள் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டுத் தராசு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போனார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

விஷயம் இதுதான். 1502 என்பது குழம்பு (எமல்ஷன்) முறையில், குளிர்நிலையில் செய்யப்படும் ரப்பர். குழம்பைத் தாங்கிப்பிடிக்க ரோசின் அமிலச் சோப்பும் கொழுப்பு அமிலச் சோப்பும் போடுவார்கள். உறையவைக்கும்போது சோப்பு அமிலமாக மாறி ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். எடையில் சுமார் 5 முதல் 7 சதவீதம். அதோடு கொஞ்சம் ஆன்டிஆக்ஸிடன்ட். ஆக நீங்கள் நிறுத்த 5.00 கிராமில் ரப்பர் ஏறக்குறைய 4.70தான். மற்றது மெத்தனாலோடும் அசிட்டோனோடும் போய்விட்டது. (1712 மாதிரி எண்ணெய் சேர்த்த தரமாக இருந்தால் இன்னும் வேடிக்கை: 100 பங்கு ரப்பருக்கு 37.5 பங்கு எண்ணெய்.)

சரி, 4.70 என்று வைத்தால் 4.72-ல் கிராஃப்ட் 0.02 கிராம். உங்கள் தராசும் திம்பிளும் செய்யும் பிழைக்குள் அடங்கிவிடும் தொகை. பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெறும் ரப்பரையும் அதே அசிட்டோனில் அதே நேரம் ஓட்டிப் பாருங்கள். என் 4.70 புத்தகக் கணக்கு, உங்கள் மூட்டையின் கணக்கு வேறாக இருக்கலாம்.

ஜனவரி 12, இரவு 8.55. சாக்ஸ்லெட்தாத்தா

ஏன் பூஜ்யம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நேரத்தை 12 மணி ஆக்கிப் பார்ப்பீர்கள்.

குற்றவாளி ஏஐபிஎன். அது உடைந்தால் வரும் சயனோஐசோபுரோப்பைல் ரேடிக்கல் (இணையில்லாத எலக்ட்ரானோடு அலையும் துணுக்கு) சோம்பேறி. சயனோ தொகுதி தாங்கிப்பிடிப்பதால் நிலைப்பு அதிகம். ரப்பரின் அல்லைல் ஹைட்ரஜனை (இரட்டைப் பிணைப்புக்கு அடுத்த கார்பனில் இருப்பதை) பிடுங்க அதற்குத் தெம்பு இல்லை. எம்எம்ஏ-வைத் துவக்கிவிட்டு ஒதுங்கிவிடும், நீள்கிற சங்கிலி தன்பாட்டுக்குத் தனி பிஎம்எம்ஏ ஆகும். இன்னொரு துவக்கியான பென்சாயில் பெராக்சைடு அப்படி இல்லை. அதிலிருந்து வரும் பென்சாயிலாக்ஸி ரேடிக்கல் முரடு. ரப்பரின் இரட்டைப் பிணைப்பில் போய் ஒட்டும், அல்லைல் ஹைட்ரஜனையும் பிடுங்கும். இரண்டு வழியிலும் ரேடிக்கல் ரப்பர் முதுகெலும்பின் மேல் உட்காருகிறது, அங்கிருந்து எம்எம்ஏ கிளை முளைக்கிறது. இயற்கை ரப்பரிலேயே 1950களில் இந்த வேறுபாட்டைப் பார்த்துவிட்டார்கள். பாலிபியூட்டாடையீனிலும் அதே கதைதான்.

ஏஐபிஎன்-இல் பாதி உடைய 10 மணி நேரம் ஆகும் வெப்பநிலை சுமார் 65 டிகிரி, பென்சாயில் பெராக்சைடுக்குச் சுமார் 73. அதனால் பெராக்சைடுக்கு மாறி, 80 டிகிரிக்கு ஏற்றுங்கள்.

ஜனவரி 13, காலை 6.40. சாக்ஸ்லெட்தாத்தா

தூக்கத்தில் ஞாபகம் வந்தது. பென்சாயில் பெராக்சைடு ஈரத்தோடு வரும், அந்த ஈரம் உங்களைக் காப்பாற்றத்தான். அதை ஓவனில் உலர்த்தாதீர்கள், உரலில் அரைக்காதீர்கள், உலோகக் கரண்டியால் சுரண்டாதீர்கள். ஈர எடையைக் கணக்கில் கழித்துக்கொண்டால் போதும்.

ஜனவரி 13, காலை 6.55. சாக்ஸ்லெட்தாத்தா

ரப்பரைச் சுத்தம் செய்யும் வழி: டொலுயீனில் கரைத்து, மெத்தனாலை வேகமாகக் கிளறிக்கொண்டே அதில் மெல்லிய தாரையாக ஊற்றி, வரும் நாரை மறுபடி கரைத்து மறுபடி வீழ்த்துங்கள். இரண்டு தடவையாவது. எடைக்காக மட்டும் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டின் வேலையே ரேடிக்கலைக் கொல்வது. அதை வைத்துக்கொண்டு கிராஃப்ட் பண்ணுவது காவல்காரனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டே திருடப்போவது மாதிரி. ஆனால் சுத்தம் செய்தபின் ரப்பருக்குப் பாதுகாப்பு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வெளிச்சத்தில் ஒரு வாரம் வைத்தால் நாராக வெட்டிய ரப்பர் மேல்தோல் கெட்டியாகி ஜெல் ஆகிவிடும். இருட்டில், நைட்ரஜனில், சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

எம்எம்ஏ-வில் இருக்கும் தடுப்பானை 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் கழுவி எடுங்கள், அல்லது அலுமினாப் பத்தியில் இறக்குங்கள்.

ஜனவரி 14, இரவு 11.10. சாக்ஸ்லெட்தாத்தா

திருத்தம் இரண்டு.

ஒன்று: காரத்தில் கழுவிய எம்எம்ஏ-வை நீரில் கழுவி, நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி, குறைந்த அழுத்தத்தில் வடிக்கவேண்டும். விட்டுப்போயிற்று.

இரண்டு: ஏஐபிஎன்-ஐக் குற்றவாளி என்று ஒரேயடியாகக் கூண்டில் ஏற்றிவிட்டேன். முழுக்கச் சரியில்லை. நீளும் பாலிமர் ரேடிக்கலே ரப்பரைத் தாக்கலாம், ரப்பரில் பக்கவாட்டில் தொங்கும் வினைல் அலகு கோபாலிமராகச் சேரவும் செய்யலாம். எம்எம்ஏ ரேடிக்கலும் ஸ்டைரீன் ரேடிக்கலும் அதற்கு அவ்வளவு துடியானவை அல்ல என்பதால்தான் தொகை சிறுத்துப்போகிறது. ‘இல்லை’ என்று எழுதியதை ‘மிகக் கொஞ்சம்’ என்று படிக்கவும்.

ஜனவரி 21, பிற்பகல் 2.30. புதுரப்பர்

சுத்தம் செய்த ரப்பர் 5.00 கிராம், பென்சாயில் பெராக்சைடு, 80 டிகிரி, 6 மணி. மொத்தம் 8.30 கிராம். அசிட்டோனில் 24 மணி நேரத்துக்குப் பிறகு 6.35. இப்போதாவது சந்தோஷப்படலாமா?

ஜனவரி 21, இரவு 9.15. சாக்ஸ்லெட்தாத்தா

பாதி சந்தோஷப்படுங்கள். கிராஃப்டிங் சதவீதம்: ஒட்டிய 1.35-ஐ ரப்பர் 5.00-ஆல் வகுத்தால் 27. கிராஃப்டிங் திறன்: அதே 1.35-ஐ, பாலிமராக மாறிய எம்எம்ஏ முழுவதற்கும், அதாவது 3.30-க்கு வகுத்தால் 41. இரண்டும் வேறு. ஆய்வுக்கட்டுரைகளில் ஒன்றின் பெயரில் இன்னொன்றைப் போட்டிருப்பார்கள். ஒப்பிடும் முன் சூத்திரத்தைப் பாருங்கள், பெயரை நம்பாதீர்கள்.

மற்ற பாதிக்கு: அந்த 6.35 கிராம் டொலுயீனில் முழுக்கக் கரைகிறதா?

ஜனவரி 22, காலை 10.00. புதுரப்பர்

இல்லை. அடியில் கண்ணாடி மாதிரி ஊறிப்போன கட்டி நிற்கிறது. துருப்பிடிக்காத கம்பிவலைப் பையில் 24 மணி நேரம் தொங்கவிட்டு உலர்த்திப் பார்த்தேன், 22 சதவீதம் கரையவில்லை.

ஜனவரி 22, இரவு 10.20. சாக்ஸ்லெட்தாத்தா

அதுதான் பயந்தேன். முரட்டு ரேடிக்கல் ரப்பரில் உட்கார்ந்தபின் எம்எம்ஏ-வையே தேடும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பக்கத்து ரப்பர் சங்கிலியையும் பிடிக்கும். குறுக்குப் பிணைப்பு, வலை, ஜெல். பக்கவாட்டு வினைல் அலகு அதிகமுள்ள பாலிபியூட்டாடையீனில் இந்தத் தொல்லை கூடுதல். பியூட்டைல் லித்தியத்தில் செய்த வகையில் வினைல் சுமார் 10 சதவீதம் இருக்கும், உயர்சிஸ் வகையில் மிகக் குறைவு. வினைல் கூடினால் கிராஃப்டும் கூடும் என்பது உண்மைதான், ஜெல்லும் கூடவே வரும்.

ஜெல் வந்தால் சாக்ஸ்லெட் பொய் சொல்லத் தொடங்கும். வலை மூடியபின் உள்ளே சிக்கிய தனி பிஎம்எம்ஏ சங்கிலி வெளியே ஊர்ந்து வர நாள் கணக்கில் ஆகும். அசிட்டோன் ரப்பரை அவ்வளவாக ஊறவைக்காது, ஆகவே கதவு இறுக்கமாகவே இருக்கும். உங்கள் 6.35-ல் எவ்வளவு கிராஃப்ட், எவ்வளவு சிறைக்கைதி?

நான் இதற்கென்று ஒரு போலிச் சோதனை செய்வேன். தனியே செய்த பிஎம்எம்ஏ, ரப்பர், பெராக்சைடு மூன்றையும் டொலுயீனில், மோனமர் இல்லாமல், அதே வெப்பம், அதே நேரம். கிளை முளைக்க மோனமர் இல்லை என்பதால் பிஎம்எம்ஏ பெரும்பாலும் வெளியே வந்தாக வேண்டும். முதல் தடவை செய்தபோது 24 மணி நேரத்துக்குப் பிறகும் நான் போட்டதில் ஏழில் ஒரு பங்கு திம்பிளுக்குள்ளேயே இருந்தது. அதற்கு முந்தைய ஆறு மாதத்து எண்களை ஒரே பக்கத்தில் பென்சிலால் குறுக்கே கோடு போட்டேன். பேனாவால் போட மனசு வரவில்லை.

72 மணி நேரம் ஓட்டுங்கள்.

ஜனவரி 23, காலை 7.05. சாக்ஸ்லெட்தாத்தா

72 என்று எழுதியதை அழிக்கவும். மணிக்கணக்கு எதற்கும் உத்தரவாதம் இல்லை. எடை மாறாமல் நிற்கும்வரை ஓட்டுங்கள், அது 30 மணியானாலும் 100 மணியானாலும். ஒவ்வொரு 24 மணிக்கும் எடுத்து, வெற்றிட ஓவனில் 60 டிகிரியில் உலர்த்தி நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். உலர்த்துவதிலும் பொறுமை வேண்டும்: பிஎம்எம்ஏ டொலுயீனை லேசில் விடாது. நான்கைந்து சதவீதக் கிராஃப்ட் என்று நான் கொண்டாடியது ஒருமுறை வெறும் டொலுயீனாக இருந்தது. முகர்ந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். (முகராதீர்கள்.)

ஜனவரி 23, காலை 11.40. ஒட்டுப்பசை

நடுவில் வருகிறேன். நான் குளோரோப்ரீன் ரப்பரில் எம்எம்ஏ கிராஃப்ட் செய்து பசை தயாரிக்கும் பக்கம். கலவையோ கிராஃப்டோ, ஒட்டினால் போதாதா? தாத்தா இவ்வளவு கழுவச் சொல்கிறாரே.

ஜனவரி 23, இரவு 9.30. சாக்ஸ்லெட்தாத்தா

ஒட்டினால் போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஆட்களே எதற்காகக் கிராஃப்ட் பண்ணுகிறார்கள்? வெறும் குளோரோப்ரீன் பசை பிளாஸ்டிசைசர் கலந்த பிவிசி மேல் சரியாகப் பிடிக்காது என்பதால். பிஎம்எம்ஏ கிளை பிவிசி-யோடு ஒத்துப்போகும், ரப்பர் முதுகெலும்பு நெகிழ்வைத் தரும். இரண்டும் பிணையாமல் சும்மா கலந்திருந்தால் டின்னுக்குள்ளேயே நாளடைவில் இரண்டு அடுக்காகப் பிரியும். நல்ல கிராஃப்ட் கரைசல் பால்போல் கலங்கினாலும் பிரியாது. மாதக்கணக்கில் நிற்கும் ஒரு சோதனைக்குழாய், காசு செலவில்லாத சோதனை.

நானும் ஒரு காலத்தில் குளோரோப்ரீன் பக்கம் இருந்தேன். கிராஃப்ட் சதவீதத்தை ஏற்ற ஏற்ற உரிப்பு வலிமை ஏறும் என்று நம்பி மோனமரையும் பெராக்சைடையும் கூட்டிக்கொண்டே போனேன். ஒரு கட்டம்வரை ஏறியது. அதன்பிறகு இறங்கியது. கரைசல் கூழாகி, பிவிசி மேல் பரவவே மறுத்தது. பரவாத பசை எப்படி ஒட்டும்? பட்டையை உரித்துப் பார்த்தால் பசை முழுக்க ஒரே பக்கத்தில் வழவழவென்று நின்றது, மறுபக்கம் துடைத்துவைத்தது போல. விசை எண்ணை மட்டும் எழுதி அந்த முகத்தைப் பார்க்காமல் விட்டிருந்தால் காரணம் பிடிபட்டிருக்காது. உரிப்புச் சோதனையில் எண்ணுக்குப் பக்கத்தில் எங்கே பிய்ந்தது என்று எழுதுங்கள்: பசைக்குள்ளேயா, பரப்பிலா, பிவிசி கிழிந்ததா.

இன்னொன்று: வெப்பத்தில் குளோரோப்ரீன் ஹைட்ரஜன் குளோரைடை இழந்து கறுக்கும். தேன் நிறம் காப்பி நிறமானால் கிராஃப்டை மட்டும் கொண்டாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஜனவரி 24, இரவு 10.45. சாக்ஸ்லெட்தாத்தா

ஒட்டுப்பசைக்கு எழுதியதைப் படித்துவிட்டு ஒரு சந்தேகம். புதுரப்பர் தம்பி குளோரோப்ரீனுக்கும் இதே கழுவலைச் செய்துவிடப்போகிறார். கிராஃப்ட் ஆகாத எஸ்பிஆர்-ஐ பெட்ரோலியம் ஈதரில் எடுக்கப் பார்க்கலாம். குளோரோப்ரீன் அதில் கரையாது. கரைப்பானை ரப்பருக்குத் தக்கபடி தேர்ந்தெடுக்கவேண்டும். கிளை பாலிஸ்டைரீன் என்றால் அசிட்டோன் மட்டும் போதாது, அது ஊதுமே தவிர ஒழுங்காகக் கரையாது, மெத்தில் எத்தில் கீட்டோன் கலக்கவேண்டும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் (பியூட்டாடையீன் ரப்பர் மேல் கிளை) என்றால் கிளை ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரைல், அதன் தனிப்பாலிமரை அசிட்டோனே கரைக்கும், ஆனால் துகள் மிகப் பொடி, திம்பிள் வழியே தப்பிவிடும். அங்கே மையவிலக்கிதான்.

எஸ்பிஆர்-இல்கூட ஈதர் சாதுவான கரைப்பான் இல்லை. கொஞ்சமாக மட்டும் கிளை முளைத்த சங்கிலிகளை அது பால்போல் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்தப் பால் வடிதாளில் நிற்காது. அதனால் ‘தூய கிராஃப்ட்’ என்று யாராவது எழுதினால், எந்தக் கரைப்பான் சொன்ன தூய்மை என்று கேட்பது என் வழக்கம்.

கழிவுக் குப்பியில் அசிட்டோனையும் குளோரோஃபார்மையும் சேர்க்காதீர்கள். காரம் கொஞ்சம் பட்டாலும் வெடிக்கும் அளவுக்குச் சூடேறும்.

ஜனவரி 30, மாலை 5.20. புதுரப்பர்

24 மணி: 6.35. 48 மணி: 6.19. 72 மணி: 6.10. 96 மணி: 6.08. 120 மணி: 6.08.

ஜனவரி 30, இரவு 8.10. சாக்ஸ்லெட்தாத்தா

இப்போது பேசலாம். 1.08 கிராம். கிராஃப்டிங் 21.6, திறன் 33. முதல் நாள் 62 சதவீதம் என்று வந்தீர்கள்.

திம்பிளில் இருந்து வந்த அசிட்டோன் கரைசலை ஊற்றிவிடவில்லையே? அதில் இருப்பது உங்கள் தனி பிஎம்எம்ஏ. ஜிபிசி-யில் (சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரிக்கும் கருவியில்) அதன் மூலக்கூறு எடையைப் பாருங்கள். அது தெரிந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம்: 21.6 சதவீதம் என்பது நிறையக் குட்டைக் கிளைகளா, கொஞ்சம் நெட்டைக் கிளைகளா?

பிப்ரவரி 4, மதியம் 1.00. புதுரப்பர்

எண் சராசரி சுமார் 20,000. சுத்தம் செய்த எஸ்பிஆர் சுமார் 1,20,000.

பிப்ரவரி 4, இரவு 10.30. சாக்ஸ்லெட்தாத்தா

கிளையும் தனிப்பாலிமரும் ஒரே நீளம் என்று தற்காலிகமாக வைத்துக்கொள்வோம். 1,20,000 எடையுள்ள ஒரு ரப்பர் சங்கிலிக்கு 21.6 சதவீதம் என்றால் சுமார் 26,000 எடை பிஎம்எம்ஏ. கிளை ஒன்று 20,000. ஆக ஒரு சங்கிலிக்குச் சராசரி 1.3 கிளை. சீப்பு மாதிரி வரிசையாகப் பல் முளைத்த படம் பாடப்புத்தகத்தில் இருக்கிறதல்லவா, அதை மறந்துவிடுங்கள். உங்களுடையது ஒற்றைக் கிளைக் கொம்பு. அதுவும் சராசரி. எங்கே விழும் என்பது தற்செயல் என்பதால் ஏறக்குறைய நான்கில் ஒரு சங்கிலிக்குக் கிளையே இருக்காது.

ஏற்கெனவே ஜெல் 22 சதவீதம் என்றீர்கள், அந்த வலைக்குள் சங்கிலி எண்ணிக்கை என்ற பேச்சே செல்லாது. ஆகையால் இந்த 1.3-ஐக் கட்டுரையில் போடாதீர்கள், மனக்கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கிளை நீளத்தை நேரடியாகப் பார்க்க வழி உண்டு. வேதியியலாளர் கோல்தாஃபும் கூட இருந்தவர்களும் 1946-ல் எழுதியது: ரப்பரை மூன்றாம் நிலை பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடிலும் துளி ஆஸ்மியம் டெட்ராக்சைடிலும் போட்டால் முதுகெலும்பின் இரட்டைப் பிணைப்புகள் அறுந்து தூளாகும். அவர்கள் அதை எஸ்பிஆர்-இல் தனியாகக் கிடக்கும் பாலிஸ்டைரீனை அளக்கச் செய்தார்கள்: சங்கிலிக்குள் ஒற்றை ஒற்றையாகப் புகுந்த ஸ்டைரீன் துணுக்காகிப்போகும், நீளமாக இருப்பது தப்பிக்கும். நமக்கு அதே தந்திரம். தனி பிஎம்எம்ஏ-வை முழுக்கக் கழுவியபின் முதுகெலும்பை அறுத்தால் மிஞ்சுவது கிளை மட்டும். ஆஸ்மியம் டெட்ராக்சைடு ஆவியானால் கண்ணைக் கெடுக்கும், புகைக்கூண்டுக்கு வெளியே குப்பியைத் திறக்கவே கூடாது. பயமாக இருந்தால் ஓசோன் பக்கம் போங்கள்.

பிப்ரவரி 5, காலை 6.30. சாக்ஸ்லெட்தாத்தா

ஆஸ்மியம் என்றதும் பழைய கதை. ஹிப்ஸ் (ரப்பர் சேர்த்து உடையாமல் ஆக்கிய பாலிஸ்டைரீன்) செய்துகொண்டிருந்த காலம். பாலிபியூட்டாடையீனை ஸ்டைரீனில் 6 சதவீதம் கரைத்துச் சூடாக்கிக் கிளறுவது. முதலில் ரப்பர் கரைசல் தொடர்நிலை, பாலிஸ்டைரீன் துளிகள் உள்ளே. பாலிஸ்டைரீன் வளர்ந்து ரப்பர் பகுதியின் பருமனை எட்டியதும் புரண்டுவிடும்: பாலிஸ்டைரீன் வெளியே, ரப்பர் துளியாக உள்ளே. அப்போது பாகுநிலை சட்டென்று தளரும், கிளறியின் ஓசையிலேயே கேட்கும். உருவாகிக்கொண்டிருக்கும் கிராஃப்ட் இரண்டுக்கும் நடுவே நின்று சோப்பு மாதிரி வேலை செய்யும்.

ஒருநாள் சரியாக அந்தக் கட்டத்தில் கிளறி மோட்டார் நின்றுவிட்டது. எனக்குத் தெரியாது, நான் வேறு அறையில் தராசோடு சண்டை. வந்து பார்த்தபோது புரளவேண்டியது புரளாமல் அப்படியே கெட்டியாகியிருந்தது. ரப்பரே வலையாக வெளியே. அழுத்தி வார்க்கப் பார்த்தால் ஒழுங்காகப் பாயவே இல்லை. ஆஸ்ட்ரோமிஸ்லென்ஸ்கி என்ற வேதியியலாளர் இதற்கு 1927-ல் காப்புரிமை வாங்கியும், கிளறலின் அருமை 1950களில் டவ் கம்பெனியில்தான் பிடிபட்டது என்பதை அன்று கைப்பட உணர்ந்தேன். நல்ல ஹிப்ஸை ஆஸ்மியத்தில் சாயமேற்றி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ரப்பர் துகள் கறுப்பாக, அதற்குள் பாலிஸ்டைரீன் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும். துகள் ஒன்றிரண்டு மைக்ரான். நான் கெடுத்ததைப் பார்த்தால் கறுப்புச் சிலந்திவலை. அந்தப் படம்தான் என்னிடம் உள்ளதிலேயே அழகானது.

பிப்ரவரி 6, இரவு 9.00. ஒட்டுப்பசை

தாத்தா தடம் மாறிவிட்டார். இருக்கட்டும். இபிடிஎம் (எத்திலீன்-புரோப்பிலீன் வகை) ரப்பரில் மாலெயிக் அன்ஹைட்ரைடு கிராஃப்டைக் காரத்தில் டைட்ரேட் செய்தால் எனக்கு எப்போதும் எதிர்பார்த்ததில் பாதிதான் வருகிறது.

பிப்ரவரி 6, இரவு 10.15. சாக்ஸ்லெட்தாத்தா

மிகச்சரியாகப் பாதி என்றால் வேதியியல்தான் உங்களிடம் விளையாடுகிறது. சூடான சைலீனில் கரைத்து எத்தனால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடை விடுகிறீர்கள். நீர் இருந்து வளையம் திறந்தால் இரண்டு அமிலம், இரண்டு பங்கு காரம். நீர் இல்லாமல் ஆல்கஹால் திறந்தால் ஒரு பக்கம் எஸ்டர், ஒரு பக்கம் அமிலம், ஒரு பங்கு காரம். சூத்திரத்தில் இரண்டு போட்டுவிட்டு குடுவையில் ஒன்று நடந்தால் பாதிதான் வரும். எது நடக்கிறதென்று தெரிந்த அளவு சக்சினிக் அன்ஹைட்ரைடை அதே குடுவையில் டைட்ரேட் செய்து பாருங்கள்.

கிராஃப்ட் ஆகாத அன்ஹைட்ரைடை அசிட்டோனில் வீழ்த்திப் போக்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாதிரி காற்றில் கிடந்து ஈரம் குடித்திருந்தால் ஐஆரில் 1785 சிகரம் குன்றி 1710 வளரும். வெற்றிடத்தில் 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் வளையம் மூடிக்கொள்ளும்.

பிப்ரவரி 19, மாலை 6.00. புதுரப்பர்

அதே செய்முறையை மூன்று தடவை செய்தேன். எடை நிலைக்கும்வரை கழுவி: 21.6, 18.9, 24.2. என்எம்ஆரிலும் (அணுக்கருக் காந்த அதிர்வு நிறமாலையிலும்) பார்த்தேன், 3.6-இல் பிஎம்எம்ஏ-வின் மீத்தாக்ஸி, 5.4-இல் ரப்பரின் இரட்டைப் பிணைப்பு ஹைட்ரஜன், பரப்பளவு விகிதத்தில் 17 சதவீதம்தான் வருகிறது. எதை எழுதுவது?

பிப்ரவரி 19, இரவு 9.40. சாக்ஸ்லெட்தாத்தா

எடைமுறைக்கு 22, கூட்டல் கழித்தல் 3. அந்தப் புள்ளி ஆறை விட்டுவிடுங்கள். என்எம்ஆர் குறைத்துச் சொல்வதில் ஆச்சரியமில்லை: குழாயில் கரைந்தது மட்டுமே அதற்குத் தெரியும், ஜெல் அடியிலோ வடிகட்டியிலோ நின்றுவிட்டது. கிளை அதிகம் விழுந்த பகுதியே வலையாகியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு எண்ணையும் எழுதுங்கள், ஜெல் 22 சதவீதம் என்பதையும் சேர்த்து. இரண்டும் பொருந்தியிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

5.4-ஐ மட்டும் எடுத்தால் வினைல் அலகின் நுனி ஹைட்ரஜன்கள் 4.9 பக்கம் இருப்பதை விட்டுவிடுவீர்கள், ஸ்டைரீன் பகுதியையும்தான். கணக்கில் சேர்த்தீர்களா?

இழுவிசைக்கு இப்போது போகலாம். மூன்று மாதிரி ஓட்டுங்கள்: சுத்தம் செய்த ரப்பர், ரப்பரோடு தனி பிஎம்எம்ஏ கலந்தது, கிராஃப்ட். நடுவில் இருப்பதில் பிஎம்எம்ஏ அளவு கிராஃப்டில் இருப்பதற்குச் சமமாக இருக்கட்டும். அது இல்லாவிட்டால், பலம் கூடியது பிணைப்பாலா, உள்ளே கெட்டியான பொருள் இருப்பதாலா என்று யாராலும் சொல்லமுடியாது. டிஎஸ்சி-யில் (வெப்ப மாற்றங்களை அளக்கும் கருவியில்) கண்ணாடிநிலை மாற்றம் இரண்டு இடத்தில் தெரிந்தால் கவலைப்படாதீர்கள், கிராஃப்டிலும் இரண்டாகத்தான் தெரியும். கிளையும் முதுகெலும்பும் பிணைந்திருந்தாலும் ஒன்றோடொன்று கலக்காது.

பிப்ரவரி 21, காலை 9.10. புதுரப்பர்

வினைல் சேர்த்தேன், 16 ஆகிவிட்டது. சரி, இன்னொரு அவசர விஷயம். நாலாவது தடவை சாக்ஸ்லெட்டில் இருக்கிறது, அசிட்டோன் மெல்லிய நீலமாகியிருக்கிறது. ரப்பர் சிதைகிறதா? பெராக்சைடு ஏதாவது மிச்சமா? நிறமாலையில் 600 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சுகிறது, படம் இணைக்கட்டுமா?

பிப்ரவரி 21, காலை 9.25. சாக்ஸ்லெட்தாத்தா

திம்பிள் மேல் பெயர் எதால் எழுதினீர்கள்?

பிப்ரவரி 21, காலை 9.31. புதுரப்பர்

...மார்க்கர் பேனா.

பிப்ரவரி 21, காலை 9.33. சாக்ஸ்லெட்தாத்தா

பென்சில்.